அன்ரனுக்கு ஒரு பூசை

1987 மார்ச் 4, விபூதிப் புதன்

விடிய உறைமழை. கோயிலடியிலிருந்து பஸ் தரிப்பு வரை நிலம் முழுக்கக் கண்ணாடி. வேலைக்கு முன்னம் பூசை கண்டு, நெற்றியில் சாம்பலோடு தட்டுத் தடுமாறிப் போய் ஏறினால் பஸ்ஸில் மனோ அக்கா. அவர் நெற்றியிலும் திருநீறு. மட்டக்களப்புச் சைவம், அவருக்கு அது தினப்படி. எங்கள் எதிர் ஃபிளாட். நானும் அவரும் ஒரே மீன் பக்ரறி, ஒரே மேசை.

பக்ரறி வாசலில் சுப்பர்வைசர் இத்தாலிக்காரி எங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். "யூ ரூ, மனோ?" மனோ அக்கா ஒரு கணம்தான் யோசித்தார். "யெஸ். எவ்ரி டே." இத்தாலிக்காரிக்குக் கண் கலங்கிப் போயிற்று. தினமும் சாம்பல் பூசுகிற புனிதவதி! அவர் கையைப் பிடித்து முத்தமிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, நீ ஏன் வருடத்தில் ஒரு நாள் மட்டும் என்று கேட்டாள். எனக்கு வந்த சிரிப்பை ஐஸ் அறைக்குள் போய்த்தான் சிரித்தேன்.

ஈஸ்ரருக்கு முந்திய இந்த நாற்பது நாள் தபசுகாலம் என்றால் பக்ரறிக்குத் திருவிழா. வெள்ளிக்கிழமைகளில் ஊர் முழுக்க இறைச்சியை விட்டு மீனுக்கு வரும். ஈஸ்ரர் வரை ஓவர்டைம்.

இந்த முறைத் தவத்துக்கு எதை விடுவது? யாழ்ப்பாணக் கரையில், பாசையூரில் மீனோடு பிறந்தவள் இறைச்சியை விடுவது ஒரு தவமா? கோப்பியை விடலாம். "கோபத்தை விடுமன்," என்கிறார் இவர். நடக்கிற காரியமாகச் சொல்லச் சொல்லுங்கள்.

பின்னேரம். மேலே எழுதியதை இப்போது வாசிக்க முடியவில்லை. யாரோ வேறொருத்தி எழுதியது போல.

சமைத்துக்கொண்டு நிற்கப் போன். கொழும்பிலிருந்து சித்தப்பா. என் தம்பி அன்ரன் சனிக்கிழமை பின்னேரம் வள்ளத்தில் மீனுக்குப் போனவன், இன்னும் திரும்பவில்லை. கூடப் போனது அவனோடு தொழில் செய்கிற மரியதாசன். இரண்டு பேரும் இல்லை. "எஞ்சின் பழுதாப் போயிருக்கும் பிள்ளை. எங்கையாவது தீவில ஏறியிருப்பாங்கள்." சித்தப்பா அப்படிப் பேசுகிற ஆள் இல்லை. எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறவர். அவர் ஆறுதல் சொன்னதுதான் எனக்குப் பயம்.

மார்ச் 6, வெள்ளி

கடும் குளிர், காற்று. செய்தி இல்லை. யாழ்ப்பாணத்துக்கு லைன் இல்லை. சித்தப்பா வீட்டில் மணி அடிக்கிறது, யாரும் எடுக்கவில்லை.

என் வேலை: கண்ணாடி மேசை, அடியில் ரியூப் லைட். மீன் துண்டை மேலே விரித்தால் உள்ளே கிடக்கிற முள், புழு எல்லாம் நிழலாகத் தெரியும். சாமணத்தால் இழுத்தெடுக்க வேண்டும். இத்தனை காலமும் கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலை. இன்று ஒவ்வொரு துண்டை விரிக்கும்போதும் கை பின்வாங்குகிறது, என்ன தெரியப்போகுதோ என்று. அடி விசரி, இது அத்திலாந்திக் மீன், எங்கள் கடலுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? தெரியும். கை கேட்கவில்லை.

மத்தியானம் கன்ரீனில் எல்லோருக்கும் பொரித்த மீன். என் தட்டைத் தள்ளி வைத்தேன். மனோ அக்காவிடம் சொன்னேன், "தம்பி வருமட்டும் நான் மீன் தொடமாட்டன் அக்கா." நேர்த்தி வைக்க வேண்டும் என்று நினைத்துச் சொன்னதில்லை. வாயில் வந்தது.

"சரி புள்ள," என்றார்.

ஆக, எல்லோரும் மீனுக்கு வருகிற காலத்தில் நான் மீனை விட்டவள்.

மார்ச் 9, திங்கள்

பனி கரைந்து சேறு. சப்பாத்துக்குள் தண்ணீர்.

பயங்கள்:
போன் அடிப்பது.
போன் அடிக்காமல் இருப்பது.
இவர் என்னைப் பார்த்துவிட்டுச் சட்டென்று ரீவிப் பக்கம் திரும்புவது.
குளிக்கும் தொட்டியில் தண்ணீர் நிறைகிற சத்தம். இப்போது வாளியில் பிடித்துத்தான் குளிப்பு.
தம்பி என்று எழுதும்போது "இருந்தான்" என்று கை எழுதிவிடுமோ என்பது.

பின்னேரம் ஒரு தரம் போன் அடித்தது. கரட் உரித்த கத்தியோடு ஓடினேன். கம்பளம் கழுவித் தருகிற கொம்பனியாம். அந்தப் பெண்ணை இங்கிலிசில் ஏசிவிட்டேன், எனக்கு இவ்வளவு இங்கிலிசு தெரியும் என்று இன்றைக்குத்தான் தெரியும். பிறகு பாவமாக இருந்தது.

அலுமாரிக்கு மேலே இருக்கிற அந்தோனியாரிடம் நேராகவே கேட்டேன். தொலைந்ததைத் தேடித் தருகிறவர் நீர்தானே? போன மாதம் என்ரை பஸ் பாஸைக் கண்டுபிடித்துத் தந்தீர். பஸ் பாஸ்! அந்த ஒரு சாமானைக் கேட்டு என் பங்கை முடித்துவிட்டேனோ? அப்படியென்றால் திருப்பித் தருகிறேன், நடந்தே போகிறேன் வேலைக்கு.

மார்ச் 12, வியாழன்

சித்தப்பா. ஊரிலிருந்து வந்த ஆள் சொன்னதாம், மரியதாசனின் உடல் கரை ஒதுங்கிவிட்டது. நெஞ்சில் துவக்குச் சூட்டுக் காயம். வள்ளமும் கிடைத்தது, வலை அப்படியே உள்ளே கிடந்ததாம். தம்பி இல்லை. சனிக்கிழமை இரவு கடலில் சூட்டுச் சத்தம் கேட்டதென்று கரையிலிருந்தவர்கள் இப்போதுதான் சொல்கிறார்கள்.

"மனதைத் திடப்படுத்து பிள்ளை. முப்பத்தோராம் நாள் பூசைக்கு ஊரில கதைச்சுக்கொண்டிருக்கினம்."

"அம்மா என்ன சொல்லுறா?"

"கொம்மா ஒண்டும் சொல்லுறா இல்லை. ஒவ்வொரு நாளும் அவனுக்குச் சாப்பாட்டுக் கோப்பையில சோறு போட்டு மூடி வைக்கிறா."

மரியதாசனுடைய மனிசிக்கு வயிற்றில் பிள்ளை. அவளை நினைத்து அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போதே உள்ளுக்குள் ஒரு குரல்: அது அவன்தானே, என் தம்பி இல்லையே. எவ்வளவு கேவலமான மனம். ஆனால் அதுதான் உண்மை, இங்கே யாரும் வாசிக்கப் போவதில்லை.

மார்ச் 15, ஞாயிறு

வெயில், ஆனால் குளிர். பொய் வெயில்.

தம்பிக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுப்போம் என்று பூசை முடியப் பெயர் எழுதுகிற கோயில் கந்தோருக்குப் போனேன். அங்கே இருக்கிறவர் போத்துக்கல் கிழவி, நல்ல மனிசி. பெயரைக் கேட்டார். சொன்னேன். எழுத்துக் கூட்டிச் சொன்னேன். எழுதினார். பிறகு பேனையைத் தூக்கிக்கொண்டே கேட்டார், உயிரோடு இருப்பவருக்கா, இறந்தவருக்கா?

கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

இறந்தவருக்கு என்று சொன்னால் நானே அவனைக் கொன்றது மாதிரி. உயிரோடு என்று சொல்லி, அவன் அங்கே கடலுக்கடியில் கிடந்தால்? அவனுடைய ஆத்துமத்துக்கென்று ஒரு செபம் இல்லாமல் போகும். எனக்குப் பின்னால் ஆட்கள் வரிசையில். கிழவி காத்துக்கொண்டிருக்கிறார், முகத்தில் கனிவு. "ஐ கம் பாக்," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கையுறையை அங்கேயே விட்டாயிற்று.

காரில் இவரிடம் சொன்னேன். ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"ஆத்துமத்துக்கு எண்டு குடுத்திருக்க வேணும்."

"ஏன்? நீங்கள் கண்டனீங்களே?"

"அவன் செத்து உத்தரிக்கிற ஸ்தலத்தில கிடந்து தவிச்சால் ஆர் பொறுப்பு ஸ்ரெல்லா?"

"அவன் எங்கையாவது சிறையில கிடந்து தவிச்சால்? அக்காக்காரி செத்தவையோட சேர்த்திட்டா எண்டு தெரிஞ்சால்?"

"கத்தாதையும். ரோட்டில பனி."

கத்தினேன். வீடு வரை கத்தினேன்.

மார்ச் 18, புதன்

தூறல் பனி. ஓவர்டைம். கால் வீக்கம்.

மனோ அக்கா இந்தக் கிழமை முழுக்கப் பருப்பும் சோறும்தான் கொண்டுவருகிறார். "என்ன அக்கா, மீன் இல்லாமல் ஒரு வாய் இறங்காதெண்டு சொல்லுவியள்?" "வயித்துல கோளாறு புள்ள. மறுகா பாப்பம்." இஞ்சி அவித்துக் குடிக்கச் சொன்னேன்.

கந்தோர்க் கிழவி கையுறையை யாரிடமோ கொடுத்து அனுப்பியிருக்கிறார். உள்ளே ஒரு மிட்டாய்.

மார்ச் 21, சனி

விட்பி என்கிற பக்கத்து ஊருக்குப் போனோம். அங்கே ஒரு வீட்டு நிலக்கீழ் அறையில் ஜெயராசா என்று ஒருத்தர், போன மாதம் வந்தவர், இந்தியக் கரையில் ஒரு வருடம் இருந்தவராம். இவருடன் வேலை செய்கிற பெடியன் சொல்லி. போக எனக்கு ஆசை, இவருக்கு விருப்பமில்லை. ஆனாலும் அந்தப் பனிக்குள் ஓட்டிக்கொண்டு போனார். அதையும் எழுத வேண்டும்.

ஜெயராசா அண்ணை ஹீற்றருக்குப் பக்கத்தில் கோட்டோடு இருந்தார். தேத்தண்ணி தந்தார். "உது நடக்கிறதுதான் தங்கச்சி. கடலில அந்தரிச்சு நிக்கிறவங்களை வேற வள்ளக்காரர் ஏத்துவாங்கள். அங்கால இந்தியாவில கொண்டுபோய் இறக்கினால், பேப்பர் இல்லையெண்டு பொலிஸ் பிடிச்சு உள்ளுக்கை போட்டிடும். கடிதம் எழுத விடமாட்டாங்கள். எனக்குத் தெரிய ஒருத்தர் மாசக்கணக்கா உள்ளுக்கை. வீட்டில ஆள் செத்ததெண்டு அந்திரட்டியும் முடிஞ்சுது. பிறகு ஆள் படலையைத் திறந்துகொண்டு வாறார், மனிசி வெள்ளைச் சீலையோட நிக்கிறா. ஆர் செத்ததெண்டு அவர் கேட்கிறார்!"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன், சிரித்தபடியே அழுகை வந்துவிட்டது. பாவம் மனிசன், என்ன செய்வதென்று தெரியாமல் பிஸ்கற் பெட்டியை என்னிடம் தள்ளினார்.

திரும்பும்போது இவர், "ஒருத்தருக்கு நடந்ததை வைச்சு..." என்று தொடங்கி முடிக்கவில்லை.

எழுதுவது: செத்துவிட்டான் என்று நினைத்தபோது பாரம். அவ்வளவுதான், பாறாங்கல் மாதிரி ஒரே இடத்தில் கிடந்தது. இப்போது உயிரோடு இருக்கலாம் என்றதும் பயம் எழும்பி ஓடத் தொடங்கிவிட்டது. அடிக்கிறார்களா? குளிருமா? பசிக்குமா? தண்ணீர் கேட்டால் கொடுப்பார்களா? நம்பிக்கை ஆறுதல் என்று பிரசங்கத்தில் சொல்கிறார்கள். சொல்லுகிற ஆட்கள் ஒரு நாளாவது நம்பிப் பார்த்திருப்பார்களோ தெரியாது.

மார்ச் 29, ஞாயிறு

ஒழுங்காக எழுத வேண்டும், இல்லாவிட்டால் பிறகு நானே நம்பமாட்டேன்.

பத்தரைப் பூசை. கோயில் நிறைய ஆட்கள். வழக்கமான பக்கம் இருந்தோம். ஃபாதர், அயர்லாந்துக் கிழவர், மன்றாட்டு நேரம் அன்றைய பெயர்களை வாசித்தார். இந்தப் பூசை இன்னாருக்காக ஒப்புக்கொடுக்கப்படுகிறது என்று. இறந்துபோன, என்றார். பிறகு தம்பியின் முழுப் பெயர். சிரமப்பட்டு, ஒவ்வொரு எழுத்தாக, பிழை விடாமல் வாசித்தார்.

இவரைப் பார்த்தேன். இவர் நிலத்தைப் பார்த்தார். அப்போதுதான் விளங்கியது. நாளைக்கு முப்பத்தோராம் நாள். எனக்குச் சொல்லாமல் போய் இறந்தவருக்கென்று பூசை கொடுத்திருக்கிறார்.

நான் எழும்பினேன். எழும்ப வேண்டும் என்று நினைக்கவில்லை, கால் எழும்பிவிட்டது. அவ்வளவு சனத்துக்கு நடுவில், "நோ, ஃபாதர். நொட் டெட்," என்றேன். சத்தம் பெரிதாகக் கேட்டது. ஒரு பிள்ளை திரும்பிப் பார்த்தது. பிறகு எல்லாரும் பார்த்தார்கள். "வீ டோன்ற் நோ," என்றேன். அதற்கு மேல் இங்கிலிசும் இல்லை, தமிழும் இல்லை.

ஃபாதர் கண்ணாடியைக் கழற்றினார். என்னை வெளியே போகச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். பாசையூரில் நான் இப்படிச் செய்திருந்தால் ஊர் ஒரு வருடத்துக்குக் கதைக்கும். அவர் பேப்பரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார், "ஃபோர் அன்ரன்."

அவ்வளவுதான். முன்னால் ஒரு சொல்லும் இல்லை, பின்னால் ஒரு சொல்லும் இல்லை. கோயில் முழுக்க மறுமொழி சொன்னது. இத்தாலிக்காரர், போத்துக்கீசர், பிலிப்பீன்ஸ்காரர், அவனை ஒரு நாளும் கண்டிராத சனம் எல்லாம் அவனுக்காக மன்றாடியது. நான் வாங்கில் இருந்துவிட்டேன்.

மார்ச் 30, திங்கள்

மழை. வேலைக்குப் போகவில்லை. இவரும் போகவில்லை.

காலை இவர் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து வைத்தார். சீனி அளவுக்கு மிஞ்சி. இருந்தார்.

"என்ரை அப்பு கடலில போய்த் திரும்பாதவர் எண்டு உமக்குத் தெரியும்."

"தெரியும்."

"பிறகு நாங்கள் மூண்டு வருசம் பார்த்துக்கொண்டிருந்தது தெரியாது. பூசை வைக்கேல்லை. அம்மா படலை பூட்ட விடமாட்டா. நாய் குரைச்சால் எழும்பி ஓடுவா. நான் பள்ளிக்கூடத்தால வாற ஒவ்வொரு நாளும் முதல் திண்ணிற அடி, 'உன்ரை அப்புவை வழியில கண்டியே' எண்டு கேட்டுக் கேட்டு, இல்லையெண்டால் அடி. மூண்டு வருசம். அதை நீர் படக் கூடாது எண்டுதான்."

இத்தனை வருடம் கூட வாழ்கிறேன், இதை எனக்குச் சொன்னதில்லை. கோபம் எங்கேயோ போய்விட்டது. முழுக்கப் போகவில்லை. ஆனால் இவருடைய பயமும் என்னுடைய பயம் மாதிரியே ஒன்று, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

"என்னைக் கேட்டிருக்கலாம்," என்றேன்.

"கேட்டால் நீர் விடமாட்டீர்."

அது உண்மை.

ஏப்ரல் 5, ஞாயிறு

கோயிலில் ஈஸ்ரர் வரைக்கும் புனிதர்களின் சுரூபங்களுக்கு ஊதாத் துணி போர்த்திவிட்டார்கள். யார் எங்கே நிற்கிறார்கள் என்று உயரத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இத்தாலிக்கார சுப்பர்வைசரும் பூசைக்கு வந்திருந்தாள். என்னைக் கட்டிப்பிடித்தாள். போன ஞாயிறு அவளும் இருந்திருக்கிறாள். பிறகு காதுக்குள் கேட்டாள், எங்கே அந்தப் புனிதவதி மனோ? சுகமில்லை என்று சொன்னேன். இது என்ன பொய்க் கணக்கில் வருமோ.

வீட்டில் அந்தோனியாருக்கும் துணி. ஊதாச் சட்டை ஒன்று வெட்டி மிஞ்சிய துணி இருந்தது. போர்த்திவிட்டுச் சொன்னேன், இனி உம்மிடம் முகத்தைப் பார்த்துக் கேட்க முடியாது, நீரும் என் முகத்தைப் பார்த்து ஏமாற்ற முடியாது.

ஏப்ரல் 12, குருத்தோலை ஞாயிறு

வெயில். இன்று உண்மையான வெயில். பல்கனியில் கோட் இல்லாமல் நின்றேன்.

இங்கே ஓலையை நீட்டாக அப்படியே தருகிறார்கள். சனம் அதை விசிறி மாதிரிப் பிடித்துக்கொண்டு போகிறது. நான் சிலுவை மடித்தேன். பக்கத்தில் இருந்த பிலிப்பீன்ஸ் பெண் பார்த்தாள், அவளுக்கு ஒன்று. கந்தோர்க் கிழவிக்கு ஒன்று. மனோ அக்காவுக்கு ஒன்று, அவர் அதைப் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் செருகினார். "ரெண்டு பேரும் கதச்சுப் பாக்கட்டும்," என்றார்.

சித்தப்பாவின் போன். அம்மா கன்னியாஸ்திரிமாருடன் கொழும்புக்கு வெளிக்கிட்டுவிட்டாவாம், தம்பியின் படத்தோடு. ரோட்டு இருக்கிற இருப்பில்! பஸ்ஸா, லொறியா, எதுவும் தெரியாது. "ஆர் சொல்லியும் கேட்கேல்லை." இப்போது பயப்பட இரண்டு பேர்.

ஏப்ரல் 15, புதன்

அம்மா வந்து சேரவில்லை. சித்தப்பா பதறாதே என்கிறார். பதறுகிறேன்.

பக்ரறியில் பெருநாளுக்கு ஆளுக்கொரு பெட்டி மீன். வேண்டாம் என்றால் சுப்பர்வைசர் மனம் நோவாள். கொண்டுவந்து ஃபிரீசரின் அடியில் வைத்தாயிற்று.

ஏப்ரல் 17, பெரிய வெள்ளி

மப்பு வானம். பக்ரறி பூட்டு. ஒருசந்தி, ஒரு நேரச் சாப்பாடு.

பின்னேரம் சிலுவையை முத்தமிடப் போனோம். வரிசையில் நிற்கும்போது பார்த்தேன், ஃபாதர் சிலுவையில் ஆண்டவரின் கால் இருக்கும் இடத்தை ஒவ்வொருவருக்குப் பிறகும் துணியால் துடைக்கிறார். ஒவ்வொரு தரமும், அவசரமில்லாமல். எனக்கு அதைப் பார்த்துத்தான் அழுகை வந்தது. தம்பியை யாராவது துடைத்திருப்பார்களா. ஊரில் மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு வரும்போது பெண்கள் எல்லாரும் சேர்ந்து குரலெடுத்து அழுது பாடுவோம். இங்கே அப்படி ஒன்றும் இல்லை. எல்லோரும் ரிஷ்யூவில் மெதுவாக அழுகிறார்கள்.

வீட்டில் கசெற் ஒன்று கிடக்கிறது, போன டிசம்பரில் நத்தாருக்கு அவன் பேசி அனுப்பியது. எடுத்தேன். போட்டால், "அக்கா, உங்களுக்கு அங்க பனியோட விளையாட்டு, எனக்கு ஒரு ஜக்கற் அனுப்பேலாதோ" என்று தொடங்கும். அந்த வெயில் ஊரில் ஜக்கற்றை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான் என்று சிரித்து அனுப்பாமல் விட்டேன். போடவில்லை. திரும்ப வைத்தேன்.

ஏப்ரல் 18, சனி

அம்மா கொழும்பு வந்து சேர்ந்துவிட்டா!! சித்தப்பா ஒரு நிமிடம்தான் பேசினார், மனிசி படுத்துக் கிடக்கிறா, நாளைக்குப் பேசுவா என்று. ஆண்டவரே. ஒன்று கேட்டேன், வேறொன்றைத் தந்தீர். இதுக்கும் நன்றிதான், ஆனால் கணக்கு முடியவில்லை.

இரவு ஈஸ்ரர்ப் பாஸ்குப் பூசை. மெழுகுதிரி ஒன்றிலிருந்து ஒன்றாகப் பற்றிப் ஆட்கள் இருக்கிற கடைசி வாங்கு வரை வந்தது. சுரூபங்களின் துணி எடுத்தாயிற்று. வீட்டுக்கு வந்ததும் இவர் அந்தோனியாரின் துணியை எடுக்கப் போனார். "விடுங்கோ," என்றேன். "அவருக்கு இன்னும் இருக்கு."

ஏப்ரல் 19, உயிர்த்த ஞாயிறு

நல்ல வெயில். காலையிலேயே போன். அம்மா.

குரல் சின்னதாகப் போய்விட்டது. மூன்று வருடத்துக்குப் பிறகு கேட்கிறேன். இரண்டு பேரும் முதலில் அழுதோம், லைனுக்குக் காசு போகுது என்று பின்னால் சித்தப்பா கத்துகிறார்.

"ஒவ்வொரு கந்தோரா அவன்ரை படத்தைக் கொண்டு போகப்போறன் பிள்ளை. இருக்கிறானெண்டு சொல்லட்டும், இல்லையெண்டு சொல்லட்டும். ஆராவது ஒருத்தன் வாயைத் துறந்து சொல்லட்டும்."

"முப்பத்தொண்டுப் பூசை வைச்சவையே அம்மா?"

"வைக்கக் கேட்டவை. நான் விடேல்லை. சுவாமியாரிட்டைப் போனனான். மரியதாசனுக்குச் செத்த பூசை வையுங்கோ, என்ரை பிள்ளைக்குப் பேரை மட்டும் சொல்லுங்கோ எண்டன்."

பேரை மட்டும். அம்மாவுக்கு நான் கோயிலில் எழும்பியது தெரியாது. யாரும் சொல்லியிருக்க முடியாது.

"ஏன் பேசாமல் நிக்கிறாய்? இண்டைக்குப் பாஸ்கு. என்ன மீன் காய்ச்சினனீ?"

"மீன் இல்லையம்மா. தம்பி வருமட்டும் விட்டிட்டன்."

லைனில் இரைச்சல். அறுந்துவிட்டது என்று நினைத்தேன்.

"விசரி," என்றா அம்மா. "கடலே சுட்டது?"

"அம்மா..."

"நான் கேட்கிறன், கடலே அவங்களைச் சுட்டது? ஆக்கள் சுட்டதுக்குக் கடலோட கோவிச்சு என்ன காணப்போறாய்? நான் நாளாந்தம் மீன் காய்ச்சித்தான் அவன்ரை கோப்பையில வைக்கிறனான். மீனில்லாச் சோத்தில அவன் கை வைப்பானே? காய்ச்சித் தின். தின்டிட்டுத் தேடு. பசிச்ச வயித்தோட எவ்வளவு காலம் தேடுவாய்?"

பிறகு சித்தப்பா போனை வாங்கி வைத்துவிட்டார்.

ஃபிரீசரிலிருந்து பெட்டியை எடுத்தேன். தேங்காய்ப்பால், மிளகாய்த்தூள், பழப்புளி. கொதி வரும்போது அழுகை, பயம், எல்லாம் சேர்ந்து ஒரு பக்கத்தில் நின்றது, வாசனை மறு பக்கத்தில். மணம் கதவைத் தாண்டியிருக்க வேண்டும். மனோ அக்கா தட்டினார். உள்ளே வந்து சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"செய்தி வந்ததா புள்ள?"

"இல்லை அக்கா. அம்மா காய்ச்சச் சொன்னா."

கதிரையில் பொத்தென்று இருந்துவிட்டார். "அப்பாடா. இனி நானும் தின்னலாம்."

"உங்களுக்கு வயித்துக் கோளாறெல்லோ?"

"வயித்துல என்னகா கோளாறு? நீ எப்பத் திண்டியோ, அப்பத்தான் நானும் எண்டு கிடந்தன். நீ ஒருத்தியா எப்பிடித் தனியக் கிடப்ப?"

தபசுகாலம் முழுக்க. பருப்பும் சோறும். இஞ்சி அவித்துக் குடிக்கச் சொன்னேனே, அதையும் குடித்தாரோ தெரியாது. நான் போய் அவரைக் கட்டிப்பிடித்து, ஈரக் கையோடு, ஊரில் அழுகிற மாதிரிச் சத்தமாக அழுதேன். இவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு அடுப்பைக் குறைத்தார்.

மேசையில் நாலு கோப்பை வைத்தேன். இவர் எண்ணிப் பார்த்தார். நாலாவதில் அவரே சோறு போட்டார்.

தம்பிக்கு நடுத்துண்டுதான் விருப்பம். இந்த மீனில் நடு எது, தலை எது? முள்ளும் இல்லை, தோலும் இல்லை, எல்லாம் நானே இழுத்தெடுத்த துண்டுகள். பெரிதாகப் பார்த்து வைத்து மூடினேன். பயம் போகவில்லை, போன் பக்கமே ஒரு கண். ஆனால் பசித்தது, சாப்பிட்டேன்.

அவன் கண்டால், "இதுவும் ஒரு மீனே அக்கா?" என்று கேட்பான்.

வந்து கேட்கட்டும்.